மடிக்காத பாசி

1975 நவம்பர் 19

மகள் கும்ரேக்கு,

இங்கே முதல் உறைபனி விழுந்துவிட்டது. என் உடம்புக்கு ஒன்றுமில்லை, முட்டி மட்டும் முனகுகிறது. உன் உடம்பு தேறியதா? பால் போதுமானதாக இருக்கிறதா? மாப்பிள்ளை சுரங்கத்திலிருந்து நேரத்துக்கு வீடு திரும்புகிறாரா?

இது என் கையால் நானே எழுதும் கடிதம். நம்ப மாட்டாய். கடல் வேலை குறைந்ததும் ஊர் மன்றத்தில் யூன் டீச்சர் பெரியவர்களுக்குப் பாடம் தொடங்கினாள். பதினொரு பெண்கள், நான் ஒருவன்தான் ஆண். முதல் நாள் வாசலில் தயங்கி நின்றேன். பக்கத்து வீட்டு ஹேனம்காரி எல்லாருக்கும் கேட்கும்படி, "பெரியவரே, வலை பின்ற எடம் அடுத்த தெரு!" என்றாள். "உன் வாயைப் பத்தி ஒரு நாள் எழுதறதுக்குத்தான் வந்திருக்கேன்," என்றேன். இப்போது அவளைவிட நான் வேகமாகப் படிக்கிறேன்.

துறையில் முப்பது வருடமாக நான் படகு கட்டும் கம்பத்தில் ஒரு பலகை உண்டே, அதைப் போன வாரம் படித்தேன். "இங்கே படகு கட்டக் கூடாது" என்று இருக்கிறது.

நீ அயல்நாட்டுக்கு நர்ஸ் வேலைக்குப் போன இந்த ஐந்து வருடமாக உன் கடிதங்களைத் தபால்காரர்தான் வாசலில் நின்று படிப்பார். ஊரே கேட்கும். இந்த முறை அவர் உறையைப் பிரிக்கப் போனபோது பிடுங்கிக்கொண்டேன். படித்து முடிக்க இரண்டு நாள் ஆயிற்று. பெண் குழந்தை என்ற இடத்துக்கு இரண்டாம் நாள் காலைதான் வந்து சேர்ந்தேன். மறுபடி முதலிலிருந்து படித்தேன்.

பிள்ளை பெற்றவளுக்குச் சாறு வைக்கும் பிரசவப் பாசியை, நம் கடலில் எடுத்ததை, உனக்கென்று வசந்தத்திலேயே காயவைத்து எடுத்து வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றும் என் உயரம். தபால் அலுவலகத்துக்குத் தோளில் சுமந்து போனேன். "மடிச்சுக் கட்டுங்க பெரியவரே, பெட்டிக்குள்ள போகாது," என்கிறான் அங்கிருக்கும் பையன். "பிரசவப் பாசியை மடிக்கச் சொல்றியே, உங்க வீட்ல யாரும் பிள்ளையே பெத்ததில்லையா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். மடித்தால் தாய்க்கும் பிள்ளைக்கும் ஆகாது. வேறு வழி பார்க்கிறேன்.

இந்தக் கடிதத்துக்கு நாலு நாள் ஆயிற்று. கை வலிக்கிறது, நிறுத்த மனமில்லை.

அப்பா, பக் துசில்


1975 டிசம்பர் 6, போஹும்

அப்பாவுக்கு,

முட்டிக்குச் சூடான உப்பு ஒத்தடம் கொடுங்கள். நாங்கள் மூவரும் சுகம். உங்கள் கடிதத்தை முதலில் நம்பவில்லை, யாரோ விளையாடுகிறார்கள் என்று நினைத்தேன். படகுக் கம்பத்தைப் படித்ததும்தான் இது நீங்களேதான் என்று தெரிந்தது. அவர் சிரித்த சிரிப்பில் கீழ்வீட்டு க்ரௌஸ அம்மாள் துடைப்பக் கம்பால் கூரையைத் தட்டினாள்.

குழந்தைக்கு ஹேரிம் என்று பெயர் வைத்தோம். மூக்கு அவருடையது. பிடிவாதம் யாருடையது என்று நான் சொல்ல மாட்டேன். பாசி கிடைக்காததால் கீரையை வேகவைத்து, கண்ணை மூடிக்கொண்டு பாசிச் சாறு என்று நினைத்துக் குடித்தேன். பால் வந்தது. நாக்குதான் ஏமாறவில்லை.

இனி நான் எழுதுவதை ஊர் கேட்காது என்பதால் ஒன்று கேட்கிறேன். எனக்கு விடுப்பு முடிந்துவிட்டது. மருத்துவமனையில் காலை, மாலை, இரவு என்று மாறும் வேலை, அவருக்குச் சுரங்கத்திலும் அப்படியே. இரண்டு வாரமாகக் குழந்தையை ஒரு சிநேகிதி வீட்டில் விடுகிறோம், அவளுக்கும் வேலை உண்டு. "இந்தப் பிள்ளைக்கு அழறதத் தவிர வேற பொழுதுபோக்கே இல்லையா?" என்று க்ரௌஸ அம்மாள் கேட்கிறாள். இங்கே நம் ஆட்கள் பலர் குழந்தைகளை ஊருக்கு அனுப்பிவிடுகிறார்கள். என்னோடு வேலை செய்யும் ஹ்வாங் அக்கா பிப்ரவரி கடைசியில் ஊர் திரும்புகிறாள். கையில் தூக்கி வந்து தருவதாகச் சொல்கிறாள்.

ஒப்பந்தம் முடிய இன்னும் இரண்டு வருடம். அதுவரை ஹேரிமை வைத்துக்கொள்வீர்களா? ஹேனம்காரி அத்தை உதவுவாரா? முடியாது என்றால் தயங்காமல் எழுதுங்கள்.

இதை எழுதும்போது அவள் என் விரலைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். இடது கை விரல்தான். எழுதத் தடையில்லை.

கும்ரே


1975 டிசம்பர் 21

மகளுக்கு,

நலமாக இருக்கிறேன். ஒத்தடம் கொடுத்தேன், முட்டி மடங்குகிறது. குளிர் நாடு, குழந்தையின் தலையை மூடி வை.

அனுப்பு. உடனே அனுப்பு. இதில் கேட்க என்ன இருக்கிறது!

பெரிய அறைக்குப் புதுக் காகிதம் ஒட்டிவிட்டேன். தரைக்கு அடியில் போகும் அடுப்புப் புகைவழியைத் தோண்டிச் சுத்தம் செய்தேன், இனி குழந்தை தவழ்ந்தால் தரை வெதுவெதுப்பாக இருக்கும். பால் தரும் ஆடு ஒன்று வாங்கினேன். கோபக்கார ஆடு. வகுப்பில் சொன்னேன், அன்று பாடமே நடக்கவில்லை. யார் முதுகில் குழந்தையைக் கட்டிக்கொள்வது என்று பதினொரு பேரும் சண்டை. "பேரப்பிள்ளைக்குப் பால் குடுக்கத் தெரியுமா உமக்கு? மீனுக்குத் தண்ணி காட்டத்தான் தெரியும்," என்றாள் ஹேனம்காரி. "அதான் நீ இருக்கியே," என்றேன். அன்று மாலையே குழந்தையை முதுகில் கட்டத் துணி தேடத் தொடங்கிவிட்டாள்.

இரண்டு வருடம் பெரிய காலம் இல்லை.

கீழே கறுப்படித்த இரண்டு வரி, தவறாக எழுதியது. வெளிச்சத்தில் பிடித்துப் படிக்க முயலாதே.

என் படம் ஒன்று வைத்திருக்கிறேன். யூன் டீச்சர் எடுத்தாள், கையில் பேனா இருக்கிறது பார். குழந்தைக்குக் காட்டு. வரும்போது என்னைத் தெரிந்திருக்கட்டும்.

அப்பா


1976 ஜனவரி 8, போஹும்

அப்பாவுக்கு,

புது வருட வணக்கம். மூவரும் இங்கிருந்தே உங்களுக்குத் தரையில் விழுந்து வணங்கினோம். ஹேரிம் வணங்கிய பிறகு எழுந்திருக்கவில்லை, அப்படியே தூங்கிவிட்டாள்.

பிப்ரவரி 26க்குப் பயணச்சீட்டு எடுத்துவிட்டோம். பால் நிறுத்திப் புட்டிக்குப் பழக்குகிறேன். போன வாரம் தொட்டிலைப் பக்கத்து அறைக்கு நகர்த்தினேன், பிரிந்திருக்கப் பழகட்டும் என்று. அவளுக்கா எனக்கா என்று தெரியவில்லை. அவர் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. "உனக்குக் கல்லு மனசு," என்றார் ஒரு நாள். "என்னையும் சின்னதுல பொல்க்யோ அத்தை வீட்லதான் விட்டிருந்தாங்க. நான் என்ன கெட்டா போயிட்டேன்?" என்றேன். அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டார்.

ஆனால் அப்பா, அந்தக் காலத்தைப் பற்றி எனக்கு எதுவுமே நினைவில்லை. அத்தை முகம்கூட இல்லை. நான் அங்கே அழுதேனா? எத்தனை நாள் இருந்தேன்? நீங்கள் சொல்லியதே இல்லை. சொன்னால் எனக்கு இப்போது தைரியமாக இருக்கும்.

உங்கள் படத்தைத் தொட்டிலுக்கு மேலே ஒட்டியிருக்கிறேன். பேனா பிடித்த கையில் அந்த நாய் கடித்த தழும்பு தெளிவாகத் தெரிகிறது. ஹேரிம் அதையே பார்க்கிறாள்.

கும்ரே


தந்தி, 1976 பிப்ரவரி 3

குழந்தையை அனுப்பாதே. அப்பா.


1976 பிப்ரவரி 9, போஹும்

அப்பாவுக்கு,

நலம். தாங்களும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன்.

தந்தி கிடைத்தது. வயதான காலத்தில் உங்களிடம் கேட்டது என் தவறு. அதை நினைத்து நீங்கள் சங்கடப்பட வேண்டாம்.

சம்சோக்கில் அவருடைய அம்மா வைத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். ஏழு பேர் இருக்கும் வீடு. ஹ்வாங் அக்காவின் பயணம் ஏப்ரல் 27க்குத் தள்ளிப்போயிருக்கிறது, ஹேரிமும் அன்று போகிறாள். என்னையும் யாரோ வளர்த்தார்கள், இவளையும் யாரோ வளர்ப்பார்கள்.

ஆட்டை விற்றுவிடுங்கள்.

கும்ரே


1976 பிப்ரவரி 14

மகளுக்கு,

உன் உடம்பும் குழந்தை உடம்பும் எப்படி? இங்கே பிளம் மரம் மொட்டு விட்டிருக்கிறது. நான் சுகம்.

தந்தி நானே எழுதியது! பத்து எழுத்துக்குள் அடக்க வேண்டும் என்றார்கள், அடக்கிவிட்டேன். நீ நிம்மதியாகியிருப்பாய். இந்தக் கடிதத்தைத் தந்திக்கு முன்பே தொடங்கி, பதினெட்டு நாள் எழுதினேன். குழந்தை கிளம்பவில்லை என்று ஆனபின் அவசரம் எதற்கு? தபால்காரர் கைக்குப் போகும் மெல்லிய நீல விமானத் தபால் தாளில் எழுதுகிற விஷயமும் இல்லை இது. அதனால் பாசிக்கு நடுவில் வைத்து அனுப்புகிறேன்.

தச்சனிடம் என் உயரத்துக்கு இரண்டு பலகை வாங்கி நடுவில் பாசியை நீட்டிக் கட்டினேன். தபால் அலுவலகப் பையன் தலையில் கை வைத்தான். "இதை விமானத்துல ஏத்தினா விமானிய எங்க உக்கார வைக்கிறது? கப்பல்தான். ரெண்டு மாசத்துக்கு மேல ஆகும்." "ஆகட்டும். கடல்ல இருந்து வந்ததுதானே, வழி தெரியும்," என்றேன்.

"நான் அங்கே அழுதேனா?" என்று நீ கேட்டாய்.

உன் அம்மா கண்ணை மூடியபோது உனக்கு நாலு வயது. உன்னை முதுகில் கட்டிக்கொண்டு பொல்க்யோவுக்கு நடந்தேன். "பார்லி அறுத்ததும் வந்துடுவேன்," என்றேன். நீ அழவில்லை. தலையை மட்டும் ஆட்டினாய்.

பார்லி அறுத்தாயிற்று. வலை கிழிந்திருக்கிறது என்றேன். வலை தைத்தாயிற்று. பாசிக்காலம் என்றேன். யாராவது கேட்டால், "அங்க நல்லா சாப்பிடறா," என்பேன். ஒரு நாள் நடை, அவ்வளவுதான். யாரும் என்னைத் தடுக்கவில்லை. வீடு அமைதியாக இருந்தது. ஒரு கிண்ணம் கழுவினால் போதும். எனக்குப் பழகிவிட்டது, கும்ரே. பிள்ளையைப் பிரிந்திருப்பது கஷ்டம் என்று எல்லாரும் சொல்கிறார்கள். முதல் மாதம்தான் கஷ்டம். அதன் பிறகு சுலபம். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

இரண்டு வருடம் கழித்து வந்தேன். நீ என் அக்காவை அம்மா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாய். "அப்பா வந்திருக்காரு, கிட்ட போ," என்றாள். நீ அவள் பாவாடைக்குப் பின்னால் போனாய். தூக்கிக்கொண்டு நடந்தேன். முதல் மேடு ஏறும்வரை கத்தினாய். பிறகு என் வலது கையைக் கடித்தாய். ரத்தம் வந்தும் நீ விடவில்லை. நானும் உன்னை இறக்கவில்லை. நாய் எதுவும் கிடையாது. நாய் என்று நான்தான் உனக்குச் சொல்லி வளர்த்தேன்.

வீட்டுக்கு வந்து நாற்பது நாள் நீ என்னோடு பேசவில்லை. நாற்பத்தோராம் நாள் சோறு கேட்டாய். அடுப்புக்குப் பின்னால் போய் அழுதுவிட்டு வந்து போட்டேன்.

நீ கெட்டுப்போகவில்லை. அது உன் சாமர்த்தியம். அதை வைத்து என் தப்பை நியாயமாக்கி, மாப்பிள்ளையின் வாயை அடைக்காதே. தொட்டிலை உன் அறைக்கே கொண்டு வா.

எனக்குக் குழந்தை வேண்டாம் என்றில்லை. ஆசையாக இருக்கிறது. முன் கடிதத்தில் கறுப்படித்த இரண்டு வரியில் இதைத்தான் எழுதத் தொடங்கினேன். அவள் வராமல் போய்விடுவாளே என்று நானே அடித்துவிட்டேன். அதற்கும் சேர்த்து மன்னித்துக்கொள்.

பாசியை ஊறவைத்தால் நாலு மடங்காகும். கொஞ்சமாகப் போடு.

அப்பா


1976 பிப்ரவரி 24

மகளுக்கு,

சுகமா? உன் கடிதம் நேற்று வந்தது. சின்னக் கடிதம். இத்தனை வேகமாக நான் எதையும் படித்ததில்லை.

நீ நினைப்பதுபோல் இல்லை. சத்தியமாக இல்லை. ஹேனம்காரியிடம் தந்தியில் என்ன எழுதினேன் என்று சொன்னேன். "இதைக் கேட்டா எனக்கே கோவம் வருது. பெத்த பொண்ணு என்ன நினைப்பா? எழுதப் படிக்கக் கத்துக்கிட்டதும் முதல் காரியமா இதைத்தான் செஞ்சீரா?" என்றாள். அவள் திட்டுவது எனக்குப் பழக்கம், அன்று மட்டும் குத்தியது.

காரணம் எல்லாம் பாசிக் கட்டில் இருக்கிறது. மறுபடி எழுதி விமானத் தபாலில் அனுப்பிவிடலாம் என்று மூன்று தாள் எடுத்தேன். நாலாவது வரிக்கு மேல் கை போகவில்லை. ஒருமுறைதான் அதை எழுதும் தைரியம் இருந்தது, அதையும் கப்பலில் ஏற்றிவிட்டேன். கிழட்டு முட்டாள் நான்.

கப்பல் வரும்வரை குழந்தையைச் சம்சோக்குக்கு அனுப்பாதே. ஆட்டை விற்கவில்லை.

அப்பா


1976 மார்ச் 9, போஹும் (தபாலட்டை)

அப்பாவுக்கு. நலம். நலம் கோருகிறேன். கப்பல் வரும்வரை மருத்துவமனை காத்திருக்காது. ஏப்ரல் 27, மாற்றமில்லை. கும்ரே


1976 ஏப்ரல் 10

மகளுக்கு,

சுகமா? ஒரு மாதமாக உன்னிடமிருந்து எதுவும் இல்லை. நான் நலம், ஆடு நலம்.

இந்த வசந்தத்துப் புதுப் பாசி எடுக்கத் தொடங்கிவிட்டோம். துறையில் கப்பல் எதைப் பார்த்தாலும், நம் பாசிக் கட்டை ஏற்றிப் போனது எவ்வளவு பெரிய கப்பலாக இருக்கும், எந்த வேகத்தில் போகும் என்று எல்லாரையும் கேட்கிறேன். "நீந்திப் போயிருந்தா நீரே இந்நேரம் போய்ச் சேர்ந்திருப்பீர்," என்கிறாள் ஹேனம்காரி.

பாசியை மடித்திருந்தால் விமானத்தில் போயிருக்கும். கடிதத்தைத் தனியாகப் போட்டிருந்தாலும் போயிருக்கும். இரண்டையும் நினைத்துக்கொண்டு படகில் உட்கார்ந்திருக்கிறேன்.

வேறு எழுதத் தெரியவில்லை.

அப்பா


1976 ஏப்ரல் 28, போஹும்

அப்பாவுக்கு,

முட்டி எப்படி இருக்கிறது? நாங்கள் மூவரும் சுகம். மூவரும் என்று எழுதியிருக்கிறேன், கவனித்தீர்களா?

கட்டு 22ஆம் தேதி வந்தது. சுங்க அலுவலகத்திலிருந்து சீட்டு வந்து நான் போனேன். அதிகாரி பலகையைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "என்னம்மா இது? செருப்பு தைக்கிற தோலா?" என்றார். "சூப்பு," என்றேன். அவர் பாசியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், முத்திரை குத்திவிட்டார். நடுவிலிருந்து உங்கள் கடிதம் விழுந்தது. அங்கேயே நின்று படித்தேன். அவர் நாற்காலி கொண்டு வந்து போட்டதுகூட எனக்குத் தெரியவில்லை.

உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். தொட்டிலை நகர்த்திய பிறகு முதல் சில நாள் நான் கதவுக்குப் பின்னால் நின்று அழுதேன். மார்ச் மாதத்தில் அழவில்லை. புட்டியை அவர் கொடுப்பார், நான் நன்றாகத் தூங்குவேன். ஹேரிம் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளத் தொடங்கினாள். நல்லது, போகும்போது கஷ்டப்பட மாட்டாள் என்று நினைத்தேன். நீங்கள் எழுதிய சுலபம் எனக்கும் வந்துவிட்டது, அப்பா. உங்கள் கடிதத்தைப் படிக்கும்வரை அதற்குத் தைரியம் என்று பெயர் வைத்திருந்தேன்.

நேற்று ஹ்வாங் அக்கா விமானம் ஏறினாள். கையில் ஹேரிம் இல்லை. சம்சோக் மாமியாருக்கு அவர் எழுதிவிட்டார். ஆட்டை விற்காதீர்கள், ஒப்பந்தம் முடிந்ததும் மூவரும் வருகிறோம்.

எப்படிச் சமாளிக்கப் போகிறோம் என்று கேட்பீர்கள். அவர் சுரங்கத்தில் காலை வேலையும் நான் மாலை வேலையும் கேட்டு வாங்கியிருக்கிறோம். மருத்துவமனை வாசல் டிராம் நிறுத்தத்தில் நான் இறங்கிக் கொடுக்க, அவர் வாங்கிக்கொண்டு அதே டிராமில் ஏறுவார். லீவு நாள் வந்து வேலை நேரம் மாறும்போது அவர் கொடுக்க நான் வாங்கிக்கொள்வேன். டிராம் நிற்கும் நேரத்துக்குள் புட்டி, துணி, குழந்தை எல்லாம் கை மாற வேண்டும். டிராம்காரர் இப்போதே எங்களைப் பார்த்தால் மணி அடிக்கிறார்.

பாசிச் சாறு வைத்தோம். பானைக்குள் போகவில்லை என்று அவர் வெட்டுக்கத்தி எடுத்தார். "வெட்டலாம், மடிக்கத்தான் கூடாது," என்றேன். அது சரியா என்று எனக்கே தெரியாது, எழுதுங்கள். கொஞ்சமாகப் போடச் சொன்னதை மறந்துவிட்டேன். க்ரௌஸ அம்மாளுக்கும் ஒரு கிண்ணம் கொடுக்கும்படி ஆயிற்று. "இதைக் குடிச்சா பிள்ளை அழறத நிறுத்துமா?" என்று கேட்டுவிட்டுக் குடித்தாள்.

இன்று அப்படி மாறிய நாள். மதியம் டிராம் நிறுத்தத்தில் அவர் ஹேரிமை என்னிடம் நீட்டினார். அவள் வர மாட்டேன் என்று அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். பிரித்து எடுத்தேன். கத்தினாள். எல்லாரும் பார்த்தார்கள். பிறகு என் வலது கையைக் கடித்தாள். கீழே இரண்டு பல் முளைத்திருக்கிறது, அப்பா, எனக்கு அதுவரை தெரியாது. நான் இறக்கவில்லை.

"ஏய், சிரிக்கிறியா அழறியா? கையில என்ன?" என்று டிராம் வாசலில் நின்று அவர் கேட்டார்.

"ஒண்ணுமில்ல," என்றேன். "நாய் கடிச்சிடுச்சு."

கும்ரே